எல்லாருக்கும் எல்லாம் விற்க வேண்டுமா?

ஒரு தொழிலைத் தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். தொடங்கிய தொழில் வளரும்போது அதனை நடத்திச் செல்வதற்குத் தெளிவு வேண்டும். துணிவுள்ளவர்களுக்கு நம் குடும்பங்களில் என்றுமே குறைவில்லை. மனைவியின் நகையை விற்றுக் கடை திறந்தவர்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு வெயிலில் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டுவந்து சொந்த ஊரில் முதலாகப் போட்டவர்கள் உண்டு. கணவரை இழந்தபின் வீட்டுக் கூடத்தில் ஒரு தையல் எந்திரத்தை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களும் உண்டு. இவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை எப்படியோ கடந்துவிடுகிறார்கள். நான்காக இருந்த வாடிக்கையாளர் நாற்பதாகிறார்கள். அப்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது: அடுத்து என்ன செய்வது?

பெரும்பாலோர் காணும் விடை, "இன்னும் சில பொருள்களைச் சேர்ப்போம்" என்பதே. மளிகைக் கடையின் வாசலில் செருப்பு தொங்குகிறது. செருப்புக்கு அருகில் பிளாஸ்டிக் குடம். அதற்கும் அப்பால் ஜெராக்ஸ் எந்திரம். வருகிறவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்னும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே. முதல் சரக்கில் முடங்குகிறது. நேரம் பல திசைகளில் சிதறுகிறது. எதற்காக உங்களைத் தேடி வர வேண்டும் என்பதும் ஊராருக்குத் தெளிவில்லாமல் போகிறது.

வளரும் சிறுதொழில் முதலில் தேட வேண்டியது தனக்கே உரிய ஓர் இடத்தை. எந்த மக்களின் எந்தத் தேவையை மற்றவரைவிட நாம் நன்றாக நிறைவேற்ற முடியும் என்று அறிந்து, அங்கே கால் ஊன்றி நிற்பதையே இடம் என்று இங்கே சொல்கிறோம். அதனை எப்படிக் கண்டுகொள்வது?

ஊரைப் படியுங்கள்

மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் நாகமலை புதுக்கோட்டை வரும். பாம்பு நீண்டு கிடப்பது போன்ற மலையின் அடியில் அமைந்த ஊர். 1965-ஆம் ஆண்டு இங்கே எஸ். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம், 1978-இல் காமராசர் பெயரைப் பெற்று, இதே சாலையில் சற்று மேற்கே நிற்கிறது. அதன் அருகில் வடபழஞ்சியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. மதுரை நகரம் மேற்கே விரிய விரிய, புதிய குடியிருப்புகளும் பெருகின.

இத்தகைய ஊரில் கடை வைத்திருப்பவரின் முன்னால் எத்தனை வகை மக்கள் நடமாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஒரு வகை. கையில் பணம் குறைவு, வாங்குவது சிறிய அளவு, வருவது மாலை நேரம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் இன்னொரு வகை. விலை சற்றுக் கூடினாலும் தரம் வேண்டும், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்வார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருவோர் ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நெடுஞ்சாலையில் செல்வோர் பத்து நிமிடமே நிற்பார்கள். அவர்களுக்கு வண்டி நிறுத்த இடமும் உடனே கையில் கிடைக்கும் பொருளும் வேண்டும்.

இந்நால்வரையும் ஒரே கடை ஒரே நேரத்தில் நிறைவு செய்வது அரிது. மாணவருக்காகக் கடையை இரவு பத்து மணிவரை திறந்து வைத்தால் அதற்கு ஒரு செலவு. முதியவர் வீட்டுக்குப் பொருள் அனுப்பினால் அதற்கு ஓர் ஆள். கிராமத்தவர்க்குக் கடன் கொடுத்தால் அதற்கு ஒரு முதல். நான்கையும் செய்யப் புகுந்தால், ஒவ்வொன்றிலும் அரைகுறையாக நிற்க நேரும். ஆகவே உங்கள் ஊர் எதுவானாலும், ஒரு வாரம் கடை வாசலில் அமர்ந்து எழுதுங்கள்: யார் வருகிறார், எந்த நேரத்தில் வருகிறார், எதைக் கேட்டுக் கிடைக்காமல் திரும்புகிறார். மூன்றாவது கேள்விக்குரிய விடைதான் மிகவும் மதிப்புடையது.

ஒரு தையற்கடையின் கணக்கு

எடுத்துக்காட்டுக்காக, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சகோதரி வீட்டோடு தையற்கடை நடத்துவதாகக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என 200 மணி நேரம் உழைக்கிறார். வேலை குவிகிறது. "முக்கிய வீதியில் பெரிய கடையாகப் பிடித்தால் என்ன?" என்று மச்சானும் அண்ணனும் கேட்கிறார்கள். அதற்கு முன்பணம் ஒரு லட்ச ரூபாய். அந்தப் பணம் மகளின் கல்லூரிப் படிப்புக்காக எடுத்து வைத்தது.

பணத்தைத் தொடுவதற்குமுன் ஒரு மாதக் கணக்கை அவர் எழுதிப் பார்க்கட்டும். நூல், மின்சாரம் ஆகிய செலவுகள் போக அவர் கையில் நிற்கும் கூலி இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம். சுடிதார் 40, ஒன்றுக்கு 2 மணி நேரம், கூலி 250 ரூபாய். ஆக 80 மணி நேரத்தில் 10,000 ரூபாய். ரவிக்கை 40, ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம், கூலி 150 ரூபாய். ஆக 60 மணி நேரத்தில் 6,000 ரூபாய். ஆல்டரேஷன் எனப்படும் பிடித்தல், தளர்த்தல், ஜிப் மாற்றுதல் போன்ற வேலைகள் 60. ஒன்றுக்கு 40 நிமிடம், கூலி 40 ரூபாய். ஆக 40 மணி நேரத்தில் 2,400 ரூபாய். புர்கா 10, ஒன்றுக்கு 2 மணி நேரம், கூலி 400 ரூபாய். ஆக 20 மணி நேரத்தில் 4,000 ரூபாய். மாத வருவாய் மொத்தம் 22,400 ரூபாய்.

கடை வாசலில் நிற்பவர் கண்ணுக்கு ஆல்டரேஷன்தான் பெரிதாகத் தெரியும். அதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். பணப்பெட்டியைப் பார்ப்பவருக்குச் சுடிதார் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு மணி நேர உழைப்புக்கு எது எவ்வளவு தருகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஆல்டரேஷன் 60 ரூபாய், ரவிக்கை 100, சுடிதார் 125, புர்கா 200. கூட்டம் ஓரிடத்தில் இருக்க, வருவாய் வேறோர் இடத்தில் இருப்பதனை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இனி அவர் கேட்க வேண்டியது, "கடைத்தெருவில் ஆயத்தமாகக் கிடைக்கும்போது இந்தப் பத்துப் பேர் ஏன் என்னிடம் வந்து புர்கா தைக்கிறார்கள்?" என்பது. விடையை ஊகிக்க வேண்டாம், அவர்களிடமே கேட்கலாம். ஆயத்த ஆடை சில குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே வருகிறது. உயரமான கல்லூரிப் பெண்ணுக்கு அது கணுக்காலுக்கு மேலே நிற்கும். தோள்வலி உள்ள முதியவருக்குத் தலைவழியாக மாட்டும் ஆடை துன்பம். முன்பக்கம் முழுதும் திறக்கும்படி வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு வேறு அமைப்பு வேண்டும். ஸ்கூட்டியில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, சக்கரத்தில் சிக்காதபடி கீழ்ச்சுற்று அளவாக அமைய வேண்டும். இது உயிரைக் காக்கும் செய்தி. இவர்கள் எல்லாரும் ஆயத்த ஆடை எட்டாத இடத்தில் நிற்பவர்கள். அச்சகோதரிக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கக்கூடும்.

"இருக்கக்கூடும்" என்றே சொல்கிறோம். இவ்வொரு ஊரில் மட்டும் போதிய தேவை இல்லாமற் போகலாம். மதுரை நகரிலிருந்தும் ஆர்டர் வர வேண்டியிருக்கலாம். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கட்டும். ஆல்டரேஷன் வேலைகளைப் பக்கத்தில் உள்ள வேறொரு தையற்காரருக்கு முகம் கோணாமல் அனுப்பிவிட்டு, அந்த 40 மணி நேரத்தில் இன்னும் 20 புர்கா தைத்தால், 2,400 ரூபாய் போய் 8,000 ரூபாய் வரும். மாத வருவாய் 28,000 ஆகும். கடை அதே கடை. எந்திரம் அதே எந்திரம். மகளின் படிப்புப் பணம் அப்படியே இருக்கும். மூன்று மாதத்தில் 20 ஆர்டர் சேரவில்லையென்றால், இழப்பும் சிறிதே. அதன்பின் வேறு வழியை எண்ணலாம்.

பத்தமடை தரும் பாடம்

எளிய பொருளைச் செய்யும் போட்டியில் எந்திரத்தோடு மோதி வெல்வது கடினம். இதனை நம் சமுதாயத்துக் கைத்தொழில் ஒன்றே நமக்குக் காட்டுகிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது பத்தமடை. தாமிரபரணிக் கரைகளில் விளையும் கோரையைக் கொண்டு அவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்துவருகின்றன. நெசவில் பெரும்பங்கு பெண்களுடையது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். முரட்டுப் பாய், நடுத்தரப் பாய், மெல்லிய பட்டுப் பாய் எனப் பல தரங்கள் உண்டு. பட்டுப் பாய்க்குக் கோரையை மிக மெல்லிய இழைகளாகக் கீறி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, பருத்தி நூற் பாவில் நெய்கிறார்கள். முடிந்த பாயைத் துணிபோல மடித்து வைக்கலாம்.

பிளாஸ்டிக் பாய் மலிவாக வந்தது. எந்திரத்தறியில் நெய்த கோரைப் பாயும் வந்தது. படுத்துறங்க ஒரு பாய் என்று மட்டும் கேட்பவர் விலை குறைந்ததையே வாங்கினார். அச்சந்தையில் கைநெசவாளர் விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டிருந்தால் பட்டினிதான் மிஞ்சியிருக்கும். ஆனால் மணமகன், மணமகள் பெயர்களையும் திருமண நாளையும் நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயைப் பிளாஸ்டிக்கால் தர இயலவில்லை. ஒரு குடும்பம் அதனை வாழ்நாள் முழுதும் போற்றி வைக்கிறது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

இத்தனை சிறப்பிருந்தும் நெசவாளர் எல்லாரும் செழித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பல நாள் உழைப்பு ஒரு பாய்க்குள் அடங்குகிறது. இடைத்தரகர் கொண்டுபோகும் பங்கும் உண்டு. தனியிடம் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த இடத்துக்குரிய விலையைக் கேட்டுப் பெறும் வழியும் தெரிய வேண்டும் என்பது பத்தமடையிலிருந்து நாம் கற்கும் இரண்டாவது பாடம்.

சிறு பாக்கெட் திறந்த சந்தை

தனியிடம் என்றவுடன் அது விலையுயர்ந்த பொருளுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். மிகச் சிறிய விலையிலும் அது உண்டு.

1983-ஆம் ஆண்டு கடலூரில் சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்னும் எண்ணத்தை அவருக்கு முன்னரே அவருடைய தந்தையார் சின்னி கிருஷ்ணன் செயற்படுத்தியிருந்தார். பெரிய நிறுவனங்கள் நகரத்தாருக்குப் பாட்டிலில் விற்றுக்கொண்டிருந்தன. ஒரு பாட்டில் வாங்கும் வசதி இல்லாத சிற்றூர்க் குடும்பம் அவற்றின் கண்ணில் படவில்லை. அக்குடும்பத்தையே சிக் தன் இடமாகக் கொண்டது. எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தது. மக்கள் பழகிய பின்னர், சிக்கின் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றியது. மல்லிகை மணத்தைச் சேர்த்தது, தமிழகப் பெண்களின் விருப்பமறிந்து செய்த செயல். 1998-இல் கெவின்கேர் என்று பெயர் பெற்ற பெரிய நிறுவனம், இச்சிறு பாக்கெட்டின்மேல் எழுந்ததே.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் ஒரு பொருள், ஒரு வகை மக்கள், ஒரு விலை; அதில் வேர் பிடித்த பிறகே மற்றப் பொருள்கள். நம்மில் பலர் இவ்வரிசையை மாற்றிவிடுகிறோம்.

அகலத்தைவிட ஆழம்

"ஒரே துறையில் நின்றால் வளர்ச்சி நின்றுவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. அது வணிக நிறுவனம் அன்று, மருத்துவமனை. எனினும் அதன் வளர்ச்சிமுறை சிறுதொழில் செய்வோருக்கும் பொருந்தும்.

அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடலின் எல்லா நோய்களுக்கும் மருத்துவம் செய்யும் மருத்துவமனையாக அதனை அவர் விரிக்கவில்லை. கண், அதிலும் முதன்மையாகக் கண்புரை. ஒரே வகை அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்ததால், அதனை விரைவாகவும் குறைந்த செலவிலும் செய்யும் முறை கைகூடியது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கட்டணம் செலுத்துவோரிடம் பெறும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்ய முடிந்தது.

பின்னர் ஒரு தடை வந்தது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலையோ ஏழைக்கு எட்டாதது. 1992-இல் ஆரோலேப் என்னும் நிறுவனத்தை அமைத்து, வில்லையை மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். விலை பன்மடங்கு குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது செல்கிறது. பாருங்கள்: கண்ணை விட்டு அவர்கள் விலகவே இல்லை. அதே துறையில் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். வளர்ச்சி அங்கிருந்தே வந்தது.

தையற்கடைச் சகோதரிக்கும் இது பொருந்தும். அவர் வளையலும் பொம்மையும் வாங்கி அடுக்குவதைவிட, புர்காவுக்கு ஏற்ற துணியை மொத்த விலையில் வாங்கித் தாமே விற்பது ஆழம் நோக்கிய வளர்ச்சி. ஒருமுறை அளவெடுத்தவர்களின் அளவுகளைக் குறிப்பேட்டில் வைத்திருந்து, அடுத்த முறை தொலைபேசியிலேயே ஆர்டர் பெறுவதும் அத்தகையதே.

இடமும் மாறும்

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இன்று உங்களுக்குரிய இடம் என்றென்றும் உங்களுக்கே இருக்குமென்று உறங்கிவிடக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் தொழிலதிபர்கள் நெடுங்காலம் பாதி பதனிட்ட தோலை அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பொருளீட்டினார்கள். 1970-களில் மத்திய அரசு அத்தகைய தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பழைய வழியையே நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி. ஆயினும் பலர் முழுதும் பதனிட்ட தோலுக்கும், அங்கிருந்து ஷூவின் மேற்பகுதிக்கும், பின்னர் முழு ஷூவுக்கும் நகர்ந்தார்கள். தோலைப் பற்றிய பழைய அறிவு கைவிட்டுப் போகவில்லை. அதன்மேல் புதிய திறனை ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் இடத்தைப் புதிதாக அளந்து பாருங்கள்.

உங்களுக்கு ஐந்து கேள்விகள்

குடும்பத்தோடு அமர்ந்து, கணக்கேட்டை நடுவில் வைத்துக்கொண்டு, பின்வருவனவற்றுக்கு விடை எழுதுங்கள்.

ஒன்று: கடந்த மூன்று மாதத்தில் எந்தப் பொருள் அல்லது எந்த வேலை, ஒரு மணி நேர உழைப்புக்கு அதிகம் தந்தது? மொத்த விற்பனையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரண்டு: யார் பேரம் பேசாமல் வாங்கி, மறுபடியும் வந்து, மற்றொருவரையும் அழைத்து வருகிறார்? அவர் எந்த வகை மக்களைச் சேர்ந்தவர்?

மூன்று: அவர்கள் பெரிய கடைக்குப் போகாமல் உங்களிடம் வருவதற்குக் காரணம் என்ன? "விலை குறைவு" என்பது மட்டுமே விடையானால் எச்சரிக்கை கொள்ளுங்கள். உங்களைவிடக் குறைவாக விற்பவர் நாளை வருவார்.

நான்கு: அத்தகையோர் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் குடும்பம் வாழ அந்த எண்ணிக்கை போதுமா?

ஐந்து: இதற்கு நேரமும் முதலும் ஒதுக்குவதற்காக எதனை விட்டுவிடப் போகிறீர்கள்?

ஐந்தாவதுதான் கடினமானது. உறவினர் கேட்பார், பழைய வாடிக்கையாளர் வருந்துவார், "வருகிற ரிஸ்கை ஏன் தட்ட வேண்டும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கூறுவார்கள். அவர்களுக்குக் கணக்கைக் காட்டிப் பணிவோடு விளக்குங்கள். நம்மால் நன்றாகச் செய்ய முடியாத வேலையை ஏற்றுக் கெடுப்பதைவிட, அதனை நன்றாகச் செய்பவரிடம் அனுப்பி வைப்பதே நேர்மை. அவ்வாறு அனுப்பப்பட்டவர் உங்கள் சொல்லை நம்புவார். உங்களுக்குரிய தேவை எழும்போது உங்களிடமே திரும்பி வருவார்.

ஐந்துக்கும் விடை கிடைத்தபின் மூன்று மாதம் சோதியுங்கள். கணக்கு ஒத்துவந்தால், அப்போது பெரிய கடையைப் பற்றிப் பேசலாம். ஒத்துவராவிட்டால், மகளின் படிப்புப் பணமும் மனைவியின் நகையும் பத்திரமாக இருக்கும். மறுபடி முயல வழியும் இருக்கும். சிறு முதலோடு உழைப்பவருக்கு அந்த வழி அடைபடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. உங்களுக்குரிய இடம் உங்களுக்கு விளங்கி, அதில் பரக்கத் பெருகட்டும், இன்ஷா அல்லாஹ்.